சாரலுக்கு வந்த அம்மன்

குழல்வாய்மொழிக்கு அவளுடைய அப்பா சொரிமுத்து விட்டுப்போன சொத்து ஒன்றே ஒன்றுதான். மஞ்சள் கண். வீடோ வயலோ இருந்திருந்தால் பங்காளிகள் தென்காசி கோர்ட்டுக்கு நடையாய் நடந்திருப்பார்கள். இதில் பங்கு கேட்டு யாரும் வரவில்லை. ஒரே பெண்ணாகப் பிறந்ததால் முழுச் சொத்தும் அவளுக்கே வந்து சேர்ந்தது.

நான் அவளுக்கு எதிர்வீடு. குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகும் ரோட்டில் எங்கள் இரண்டு வீடும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. மின்சார வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆனவன் நான். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவன் இல்லை என்று என் மனைவியைத் தவிர எல்லோரும் சொல்வார்கள். ஆனாலும் ஜன்னல் என்று ஒன்று இருந்தால் அதைத் திறக்கத்தானே வேண்டும்.

அவள் பிறந்தது பக்கத்தில் இலஞ்சியில். சின்ன வயதிலிருந்தே வருஷத்துக்கு இரண்டு தடவை காய்ச்சல் வரும், கண் மஞ்சளாகும், உடம்பு வெளுத்துப் போகும். காமாலை என்று கீழாநெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கிக் கொடுப்பார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் கையில் சூடு போடுவார்கள். இலஞ்சி வரப்புகளில் முளைத்த கீழாநெல்லியில் பாதி அவள் வயிற்றுக்குள்தான் போனது. ஐம்பத்தேழில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தபோது அவள் தெருவில் எல்லோரும் படுத்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள். சொரிமுத்து மட்டும் எழவில்லை. கடைசியில் நகம்கூட மஞ்சளாகிவிட்டதால், குடித்துக் குடித்து ஈரல் வெந்துபோயிற்று என்று ஊர் தீர்ப்பு எழுதியது. சொரிமுத்து பதநீரே குடிக்காத மனிதர். செத்தவர் எழுந்துவந்து மறுப்புச் சொல்ல முடியாதே.

எழுபத்தொன்றில் கல்யாணம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிமிர்ந்தே பார்க்காதே என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். தரையைப் பார்த்தபடி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இந்தக் காலத்தில் இவ்வளவு அடக்கமா என்று மாப்பிள்ளை வீட்டார் மெச்சிக்கொண்டே போனார்கள். கல்யாணமான மறுநாள் காலையில்தான் நாறும்பூநாதன் தன் மனைவியின் கண்ணைப் பார்த்தார். நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. செங்கோட்டையில் ஒரு மர டிப்போவில் கிளார்க். மலையாளத்து லாரிக்காரர்களிடம் கூட அதட்டிப் பேசத் தெரியாதவர். "வேண்டாம்", "முடியாது" என்ற இரண்டு வார்த்தைகளையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்குக் குற்றாலத்தில் சொந்த வீடு இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. நீளமான கூடம், பின்பக்கம் கிணறு, நடந்தே போகிற தூரத்தில் மெயினருவி.

குற்றாலத்தில் வீடு உள்ளவனுக்கு ஒன்பது மாதம் சொந்தக்காரர்களே கிடையாது. ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிச் சாரல் அடித்துவிட்டால் போதும், நாலு தலைமுறைக்கு முந்திய உறவுகூட ஞாபகம் வந்துவிடும். நாறும்பூநாதனின் பெரியப்பா மகன் பலவேசம் வாசுதேவநல்லூரிலிருந்து வருவார். எலுமிச்சை வியாபாரம். கையில் ஒரு சாக்கு எலுமிச்சையும் பின்னால் ஒரு பட்டாளமுமாக பஸ்ஸை விட்டு இறங்குவார். காலையில் மெயினருவி, மத்தியானம் ஐந்தருவி, சாயங்காலம் பழைய அருவி என்று குளித்துவிட்டு, "சகல வியாதியும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே தும்முவார். அவர் தும்மினால் என் வீட்டு அலமாரியில் டம்ளர் அதிரும். நாறும்பூநாதனின் அக்கா தங்கபுஷ்பம் கடையத்திலிருந்து பிள்ளைகளோடும் ஓரகத்திகளோடும் வருவாள். ராத்திரி கூடத்தில் வரிசையாகப் படுத்தால் இந்த மூலையில் ஒரு இருமல், அந்த மூலையில் ஒரு மூக்குறிஞ்சல் என்று விடியும்வரை கச்சேரி நடக்கும்.

இத்தனை பேரும் குழல்வாய்மொழி மேல் உயிரை வைத்திருந்தார்கள், அதில் சந்தேகமில்லை. நோஞ்சான் பிள்ளை, தண்ணி ஆகாது என்று அவளை மட்டும் அருவிப் பக்கமே விடமாட்டார்கள். அருவி இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தவள் ஒருநாள்கூட அதில் தலை கொடுத்ததில்லை. நாள் முழுக்க நனைந்து வந்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, தாடையைத் தொட்டு, நெற்றியில் கைவைத்துப் பார்த்து, முகத்துக்கு நேராகத் தும்மி, "தண்ணி பக்கம் போயிராத தாயி" என்று புத்தி சொல்வார்கள். ஒவ்வொரு சீசன் முடிவிலும் அவர்கள் குணமாகி ஊருக்குப் போவார்கள், இவள் படுப்பாள்.

எழுபத்துநாலில் படுத்தது கொஞ்சம் பலம். மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கீழாநெல்லி தீர்ந்துபோய்த் தென்காசியில் டாக்டர் ஜெபமலரிடம் கொண்டுபோனார்கள். அந்த அம்மாள் கண்ணைப் பார்த்தாள், வயிற்றின் இடப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தாள், அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டாள். பிறகு ரத்தத்தை எடுத்து மதுரைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் நாறும்பூநாதனை உட்கார வைத்துச் சொன்னதை, அவர் அன்று சாயங்காலமே என்னிடம் வந்து சொன்னார்.

ரத்தத்தில் சிவப்பணு என்று இருக்கிறதாம். நமக்கெல்லாம் அது நடுவில் குழிந்த தட்டை வட்டம், வளைந்து நெளிந்து எந்தச் சந்திலும் நுழைந்து போய்விடும். இவளுக்கு உருண்டை. மண்ணீரலின் சந்துகளில் மாட்டி உடைந்துபோகிறது. உடையும்போது கசிகிற சாயம்தான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. நம் அணு மூன்று நான்கு மாதம் உழைக்கும். இவளுடையது சில வாரத்தில் போய்விடும், உடம்பு ராப்பகலாகப் புதிது செய்து ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். அப்பாவிடமிருந்து வந்தது, மருந்து கிடையாது. ஈரல்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆக, செத்துப் பதினேழு வருஷம் கழித்துச் சொரிமுத்து குடிகாரர் இல்லை என்று நிரூபணமானது.

"அன்னன்னைக்கு உழைச்சு அன்னன்னைக்குப் பொங்குத வீடு மாதிரி" என்றார் நாறும்பூநாதன். எனக்கும் அது புரிந்தது. நாமெல்லாம் பத்தாயத்தில் நெல் வைத்திருக்கிறோம். சளிக்காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தால் நாலு நாள் லீவு, அவ்வளவுதான். அவளுடைய ரத்தம் அன்றாடங்காய்ச்சி. அதே காய்ச்சல் அவளுக்கு வந்தால் ரத்தம் உடைவது கூடிவிடும், சில சமயம் புதிதாக ஊறுவதும் நின்றுவிடும், ஒரு வாரத்தில் பானை காலி. நெஞ்சிலும் சளி கட்டிவிட்டால் பிழைப்பது கஷ்டம். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ரத்தம் கொடுக்க இருமல் சளி இல்லாத ஆட்களாக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

அருவித் தண்ணி ஆகாதே என்று நாறும்பூநாதன் கேட்டாராம். அதற்கு டாக்டர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"தண்ணி ஒண்ணும் செய்யாது. ஆளுங்கதான் ஆகாது. சீசன்ல வீட்ல கூட்டம் சேர்க்காதீங்க."

அந்த வீட்டில் குழந்தை இல்லை. அப்பா கொடுத்த சொத்து தன்னோடு முடியட்டும் என்று அவள் அன்றே சொல்லிவிட்டாளாம். ஆகவே காப்பாற்ற வேண்டியது ஒரு உயிர், தடுக்க வேண்டியது ஒரு ஊர்வலம்.

அடுத்த ஆனிக்கு முன்னால் நாறும்பூநாதன் டாக்டர் சொன்னதைச் சொல்வதற்காக வாசுதேவநல்லூர் போனார். பலவேசம் வீட்டில் இரண்டு காப்பி, ஒரு சாப்பாடு, திரும்பவும் ஒரு காப்பி. பஸ் ஏறும்போது, "சாரல் ஆரம்பிச்சுட்டுண்ணா வந்துருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தார். கடையத்தில் ஒருவழியாக வாயைத் திறந்து விஷயத்தைச் சொன்னார். சளி எல்லாம் ஒரு வியாதியா, சளி பிடிக்காத மனுஷன் யாராவது உண்டா என்று தங்கபுஷ்பம் கேட்டாள். உடம்பு சரியில்லாத பெண்ணைத் தனியாக விடலாமா என்று வழக்கத்தைவிட ஒரு வாரம் முந்தியே வந்து இறங்கினாள், உதவிக்கு இரண்டு பேரோடு. அந்த சீசனிலும் குழல்வாய்மொழி படுத்தாள், மாசிவரை எழவில்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் தையல் மிஷின் தெரியும். அது மூடியே கிடந்தது.

அந்தக் கோடையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அவ்வளவுதான், பால்காரன் செம்பை வாசலில் வைத்துவிட்டுப் போனான், பிச்சைக்காரன்கூட அந்த வீட்டைத் தாண்டிப் போனான். நாறும்பூநாதன் அந்த வாசலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

ஆனி பிறந்ததும் அவர் வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

அவளுக்கு இது பிடிக்கவில்லை. அம்மன் பேரில் பொய்யா என்று அழுதாள். பொய்யை நான் சொல்லுதேன், பாவத்தையும் நானே வச்சுக்கிடுதேன், நீ சும்மா படுத்திரு என்று அவர் சொன்னாராம். கல்யாணமாகி அவர் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். பலவேசம் எலுமிச்சைச் சாக்கோடு வந்தார், வேப்பிலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாக்கை வாசலில் இறக்கிவிட்டு, பட்டாளத்தோடு லாட்ஜைப் பார்த்து நடந்தார். கடையத்துக்காரியும் அதேபோல. மதுரை ஆஸ்பத்திரி ரிப்போர்ட் சாதிக்காததை வாசலில் வளர்ந்த மரத்தின் நாலு கிளை சாதித்துவிட்டது.

ஆனால் வேப்பிலை சும்மா வேலை செய்வதில்லை, கூலி கேட்கும். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடித்தால் அடுத்த வீட்டுக்கு வாசம் போகும். மீன், கறி என்று மூச்சுவிடக் கூடாது. தையல் மிஷின் சத்தம் கேட்கக் கூடாது. நாறும்பூநாதன் செங்கோட்டையில் மலையாளத்தான் மெஸ்ஸில் மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டு, வெற்றிலை போட்டு வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அவள் மட்டும் சாரல் முடியும்வரை மோரும் சாதமும் சாப்பிட்டாள். ஆனாலும் அந்த வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. ஐப்பசியில் கன்னத்தில் சதை போட்டிருந்தது.

நடுவில் ஒரு சோதனை வந்தது. பெரியம்மை பற்றித் தகவல் சொன்னால் சன்மானம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம் அது. எவனோ போய்ச் சொல்லிவிட்டான். ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். குழல்வாய்மொழியின் கையைத் திருப்பிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒரு பொட்டுகூட இல்லை. நாறும்பூநாதன் உண்மையைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேலை செய்யுதா?"

செய்கிறது என்றார் இவர். அந்த இன்ஸ்பெக்டருக்குக் குற்றாலத்திலேயே குவார்ட்டர்ஸ், சொந்தக்காரர்கள் விருதுநகர் வரைக்கும். ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீட்டு வாசலிலேயே வேப்பிலை கட்ட முடியாதே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வருஷமும் கட்டினார்கள். அதற்கடுத்த வருஷமும். அங்கேதான் தப்பு நடந்தது. பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் ஒரு வருஷம் அம்மை, மறு வருஷம் கண்வலி, அதற்கு மறு வருஷம் கிணற்றில் பாம்பு என்று மாற்றி மாற்றிச் சொல்லியிருப்பான். இவருக்குத் தெரிந்தது ஒரே பொய்.

ஊரில் மற்றவர்களுக்கு அம்மை பங்குனி, சித்திரை வெயிலில் வரும், வந்தால் ஆயுசுக்கும் திரும்ப வராது. இந்த வீட்டில் மட்டும் வருஷா வருஷம், சரியாக முதல் சாரலோடு வருகிறது. தழும்பு இல்லை, பொட்டு இல்லை, ஆள் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறாள். இதற்கு என்ன அர்த்தம் என்று கடையத்தில் உட்கார்ந்து தங்கபுஷ்பம் யோசித்தாள். பொய்யாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தம்பியை அவளுக்குத் தெரியும், அவனுக்குப் பொய் வராது. எண்பதாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை கூழ்ச்சட்டியோடு வந்து, வேப்பிலையைத் தாண்டி உள்ளே நுழைந்து, குழல்வாய்மொழியின் காலில் விழுந்தாள்.

"லோகமே சாரலுக்கு இங்கன வருது. ஆத்தாளும் வாறா. வெக்கை தாங்காம வருஷா வருஷம் நம்ம வீட்டுக்குத்தான் வாறா."

நாறும்பூநாதன் கூழ்ச்சட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். அக்காளிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

எண்பத்தொன்றில் நான் ஜன்னலை மூடிவைக்க வேண்டியதாயிற்று, அவ்வளவு கூட்டம். யாரைத் தடுக்க வேப்பிலை கட்டினார்களோ அவர்கள் எல்லோரும் அந்த வேப்பிலையைப் பார்க்கவே வந்தார்கள். லாட்ஜில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள்கூட அருவியில் குளித்து ஈரத்தலையோடு வந்து வரிசையில் நின்றார்கள். நாறும்பூநாதன் இரண்டு தடவை வேப்பிலையை அவிழ்த்துக் கிணற்றடியில் போட்டார். மறுநாள் காலையில் யாரோ புதுக்கொத்து கட்டியிருந்தார்கள். கூடத்தின் நடுவில் மஞ்சள் புடவையில் அவளை உட்கார வைத்து, ஒவ்வொருவராக அவள் முகத்தருகில் குனிந்து, மஞ்சள் தண்ணீர் வாங்கிக் குடித்து, அங்கேயே இருமிவிட்டுப் போனார்கள். முன்பு சொந்தக்காரர்களாக வந்தபோதுகூட இவ்வளவு நெருங்கி வந்ததில்லை. வேண்டாம், போங்கள் என்று அவள் சொல்லிப்பார்த்தாள். அம்மன் கோபமாக இருக்கிறாள் என்று இன்னும் இரண்டு தேங்காய் உடைத்தார்கள்.

அந்த ஆடியில் குற்றாலம் முழுவதும் சளிக்காய்ச்சல். லாட்ஜுகளில் அறைக்கு இரண்டு பேர் முனகிக்கொண்டு கிடந்தார்கள். புதன்கிழமை அவளுக்கு உடம்பு சுட்டது. சாயங்காலத்துக்குள் கண் சாமந்திப்பூ நிறமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் உதடு வெளுத்து, ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். நாறும்பூநாதன் ரோட்டைக் கடந்து ஓடிவந்து என்னிடம் கார் சொல்லச் சொன்னார். நான் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு அம்பாசிடரைக் கூட்டி வந்தேன்.

வாசலில் தங்கபுஷ்பம் குறுக்கே நின்றாள். அவளுக்குப் பின்னால் கூடம் நிறைய ஜனம். ஆடி வெள்ளியும் அதுவுமாக அம்மை உள்ளவளை வாசல்படி தாண்ட விடமாட்டேன், ஊசி கீசி பட்டால் குலம் நாசமாகும் என்றாள். அவள் அதை மனசார நம்பித்தான் சொன்னாள். குழல்வாய்மொழி செத்துப்போனால் முதலில் நெஞ்சில் அடித்துக்கொள்பவளும் அவளாகத்தான் இருப்பாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போது நாறும்பூநாதன், ஆயுளில் முதல்முறையாக, அக்காள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அம்மை இல்லக்கா. ஒருநாளும் வரல. நீங்கள்லாம் வரக்கூடாதுன்னுதான் நான் வேப்பிலை கட்டுனேன். நீங்க வந்தா இவ செத்துருவா."

நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிகிறது. அம்மன் வருஷா வருஷம் சாரலுக்கு வருகிறாள் என்பதை நம்பிவிடலாம், தங்களை ஒருத்தன் வரவேண்டாம் என்று நினைத்தான் என்பதை எப்படி நம்புவது? தங்கபுஷ்பம் தம்பியின் நெற்றியில் திருநீற்றைப் பூசி, பாவம், பெண்டாட்டி மேல் உள்ள கவலையில் புத்தி பேதலித்துவிட்டது என்றாள். நாலு பேர் அவரைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார்கள். அந்த மனிதர் உண்மை சொல்லி அழுததை நான் பார்த்தேன். பொய் சொன்னபோது அவர் அழவில்லை.

குழல்வாய்மொழி பாயிலிருந்து எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். சத்தம் போட அவளிடம் மூச்சு இல்லை, அதனால் மெதுவாகப் பேசினாள், அந்த மெதுவே எல்லோரையும் நடுங்க வைத்தது.

"எனக்கு... பாளையங்கோட்டைக்குப் போவணும்."

தங்கபுஷ்பம் கைகூப்பினாள். அங்கன எதுக்குத் தாயே என்று கேட்டாள்.

"ரத்தம் வேணும்."

கிடா வெட்டுகிறோம், இப்போதே வெட்டுகிறோம் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

"கிடா ரத்தம் வேண்டாம். உங்க ரத்தம். இருமல் இல்லாத ஆளா... நாலு பேரு."

நான் எத்தனையோ கோயில் கொடை விழா பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டம் அப்படி ஒட்டுமொத்தமாக இருமியதைப் பார்த்ததில்லை. அதுவரை கல்லுக்குண்டு மாதிரி நின்றவர்கள்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள். தங்கபுஷ்பத்துக்கு நிஜமாகவே இருமல், அவளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வாசலை விட்டு விலகி நின்றுவிட்டாள். ஆத்தாளே போக வேண்டும் என்றால் அவள் யார் தடுக்க?

பலவேசம் அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தார். முதலில் அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பிறகு குளிக்கப் போகலாம் என்று இருந்ததால், குற்றாலத்துக்கு வந்தும் வாழ்க்கையில் முதல்முறையாக அருவியில் நனையாமல் நின்றார். ஊசி என்றால் அவருக்கு உயிர் போய்விடும். அம்மைப்பால் குத்த வந்தவர்களைக் கண்டு வாசுதேவநல்லூர் எல்லையைத் தாண்டி ஓடிய கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கையில் எலுமிச்சைச் சாக்கோடு இருமிப் பார்த்தார். தொண்டை சுத்தமாக இருந்தது. இன்னொரு தடவை முயன்றார். பிறகு சாக்கைக் கீழே வைத்தார்.

"எனக்கு இருமல் வரல தாயி" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல.

அவர் காரில் ஏறியதும், வெட்கப்பட்டோ என்னவோ, இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். என் வயசுக்கு ரத்தம் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் நானும் ஏறிக்கொண்டேன். பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு பரிசோதித்ததில், உடனே ஏற்றப் பொருந்தியது பலவேசத்தின் ரத்தம். ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு அத்தனை அம்மன் பேரையும் சொன்னார். பாட்டில் நிறைந்த பிறகு மயங்கி விழுந்தார். குழல்வாய்மொழிக்கு நெஞ்சுச் சளி அடங்கி, கண்ணில் மஞ்சள் பழையபடி இறங்க ஆவணி கடைசி ஆயிற்று. பிழைத்தாள். நான் அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவளிடம் கேட்டேன். இத்தனை வருஷம் அம்மன் பேரில் பொய் கூடாது என்று சொன்னவள், கடைசியில் அம்மனாகவே பேசிவிட்டாயே என்றேன். மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஆத்தான்னு ஒரு வார்த்தை சொன்னேனா அண்ணாச்சி? எனக்கு வேணும்னுதான் கேட்டேன். குழல்வாய்மொழியா நான் கேட்டது அவங்க காதுல விழுந்ததே இல்ல."

மறுவருஷம் ஆனி பிறந்தது. நாறும்பூநாதன் வேப்பிலை கட்டவில்லை. சாரல் அடித்தது, அருவி சிவந்த தண்ணீரோடு இரைந்தது, பஸ் பஸ்ஸாக ஜனம் இறங்கியது. அந்த வீட்டுப் படியை ஒருவர் மிதிக்கவில்லை. அங்கே போனால் ரத்தம் கேட்பார்கள் என்று வாசுதேவநல்லூரிலிருந்து கடையம்வரை பேச்சு பரவியிருந்தது. தங்கபுஷ்பமே ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் எடுத்துத் தங்கினாள், எங்கள் ரோட்டில் வரும்போது தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள். ஜெபமலர் டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷம். இவ்வளவு கட்டுப்பாடான குடும்பத்தை நான் பார்த்ததில்லை என்றாளாம்.

குழல்வாய்மொழி நன்றாக இருந்தாள். கடுகு வெடித்தது, மீன் குழம்பு கொதித்தது, மிஷின் ஓடியது. கூட்டம் இல்லாத ஒரு விடியற்காலையில் நாறும்பூநாதன் அவளைப் பழைய அருவிக்குக் கூட்டிப்போய் முதல்முறையாகத் தலை நனைய வைத்தார். எல்லாம் இருந்தும் சாயங்காலமானால் அந்த நீளமான கூடத்தில் அவள் தனியாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருத்தராவது எட்டிப் பார்த்திருக்கலாம் என்று என் மனைவியிடம் சொன்னாளாம். யாரால் சாவு வருமோ அவர்களையே தேடுகிற மனசை என்ன செய்வது?

ஒருத்தர் வந்தார். பலவேசம். தனியாக, எலுமிச்சைச் சாக்கோடு. அருவிக்குப் போகும் முன்னால் நேராக இங்கே வந்து, படியில் நின்றபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நம்ம ரத்தம் எப்படி தாயி இருக்கு?"

"நல்லா ஓடுது அத்தான்" என்றாள்.

ஏற்றிய ரத்தம் நாலு மாதத்துக்கு மேல் நிற்காது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறாள். அதை அவரிடம் அவள் சொல்லவே இல்லை. ஒவ்வொரு ஆனியிலும் அவர் வந்து கேட்பார், அவளும் நல்லா ஓடுது என்பாள்.

எண்பத்தாறில் என்று நினைக்கிறேன், நல்ல சாரல் நாள். பலவேசம் பஸ்ஸை விட்டு இறங்கினார், அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரோட்டைத் தாண்டி என் வாசலுக்கு வந்தார். சாக்கை என் படியில் போட்டுவிட்டுத் துண்டால் மூக்கை அழுந்தத் துடைத்தார். அவள் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். இவர் கையை உயர்த்தி, வரவேண்டாம் என்று அவளைத் தடுத்தார்.

"வழியிலயே சளி புடிச்சுட்டு தாயி. என் ரத்தத்துக்கே நான் சளிய குடுக்கவா?"

அவள் அழுதது எனக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள். பலவேசம் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் லாரியும் பஸ்ஸும் குதிரை வண்டியும் ஈரத்தலை ஜனமும் போய்க்கொண்டிருந்தன. வாசுதேவநல்லூர் பஸ் வரும்வரை இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டிக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள், எலுமிச்சை விலை, மழை, யார் வீட்டில் கல்யாணம் என்று. பேச்சின் நடுவில் அவர் என் பக்கம் திரும்பித் திரும்பித் தும்மினார்.

அடுத்த வாரம் முழுக்க எனக்குச் சளி. ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன்.